தழும்பைத் தள்ளிப்போடும் வேலை

என் மகனுக்கு இப்போது 14 வயது. பிறவியிலேயே அவனுக்கு வந்த நோயின் முழுப்பெயர் ரிசஸிவ் டிஸ்ட்ரோஃபிக் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா. மருத்துவமனைகளில் சுருக்கமாக ஈ.பி. என்பார்கள். கேள்விப்பட்டவர்களில் பெரும்பாலோர் இதைக் கொப்புள நோய் என்றே அறிந்திருக்கிறார்கள். கொப்புளம் வருவது உண்மைதான். ஆனால் அவனுடைய விரல்களை உள்ளங்கையை நோக்கி மடக்கியதும், வாயின் திறப்பைச் சிறிதாக்கியதும், ஊறவைத்த இட்லித் துண்டுகூட இறங்காதபடி உணவுக்குழாயைச் சுருக்கியதும் கொப்புளம் அல்ல. கொப்புளம் ஆறிய இடத்தில் உண்டான தழும்பு. புண்ணை ஆற்றுவது ஒரு வேலை என்றால், ஆறும்போது உண்டாகும் தழும்பு உறுப்பை முடக்கிவிடாமல் தள்ளிப்போடுவது இன்னொரு வேலை. எங்கள் வீட்டில் இரண்டாவது வேலைக்கே அதிக நேரம் செல்கிறது. அதைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது மிகக் குறைவு என்பதால் இதை எழுதுகிறேன்.

தோலின் மேலடுக்கை அதன் கீழுள்ள அடுக்கோடு பிணைத்து வைத்திருப்பவை கொலாஜன் 7 என்ற புரதத்தால் ஆன நங்கூர இழைகள். சட்டையையும் அதன் உள்துணியையும் சேர்க்கும் தையலைப் போன்றவை அவை. தையல் இல்லாத இடத்தில் லேசாக இழுத்தாலும் இரண்டும் தனித்தனியே விலகிவிடும். அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணு மூன்றாவது குரோமோசோமில் இருக்கிறது. அதன் இரண்டு பிரதிகளும் பழுதானால் இழைகள் உருவாவதில்லை, அல்லது உருவானாலும் தாங்குவதில்லை. ஈ.பி. நோயிலேயே சிம்ப்ளெக்ஸ் என்ற வகையில் பிளவு மேலடுக்குக்குள்ளேயே ஏற்படுவதால் கொப்புளம் பெரும்பாலும் தழும்பின்றி ஆறிவிடுகிறது. எங்கள் மகனுக்குள்ள வகையில் பிளவு அதற்கும் கீழே, தழும்பு உண்டாகும் ஆழத்தில் ஏற்படுகிறது. ஒரே இடம் மீண்டும் மீண்டும் பிரிந்து ஆறும்போது, காயத்தை மூடுவதற்காக உடல் அனுப்பும் செய்திகள் நிற்பதே இல்லை. நார்த்திசு படிந்துகொண்டே போய், தோல் இறுகிச் சுருங்குகிறது. வாயின் உட்புறம், உணவுக்குழாய், ஆசனவாய், கருவிழி ஆகியவற்றின் மேற்பரப்பும் இதே புரதத்தை நம்பியே இருக்கிறது. ஆகவே வெளியே நடப்பது அங்கெல்லாமும் நடக்கிறது.

பிறந்தபோது அவனுடைய ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு பகுதியில் தோலே இல்லை. மறுநாள் கைகளிலும் இடுப்பிலும் கொப்புளங்கள் எழுந்தன. அம்மை என்று உறவினர்கள் நினைத்தார்கள்; வேப்பிலைக் கொத்தால் தடவிக்கொடுக்கவும் முற்பட்டார்கள். இந்நோயில் அதைவிடக் கெடுதலானது வேறில்லை, ஏனெனில் இத்தோல் தாங்காதது உராய்வைத்தான். அதே நேரத்தில் என் அம்மா வாழைக் குருத்திலையைக் கொண்டுவந்து, அதன்மேல் விளக்கெண்ணெய் தடவிக் குழந்தையைக் கிடத்தச் சொன்னார். பிற்காலத்தில் நான் படித்தபோது, நம் நாட்டில் தீக்காயப் பிரிவுகளில் கிருமிநீக்கம் செய்த வாழையிலையைக் காயத்தில் ஒட்டாத கட்டாகப் பயன்படுத்தி ஆய்வே செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. மரபு வைத்தியம் அனைத்தையும் ஏற்பதற்கும் அனைத்தையும் தள்ளுவதற்கும் இடையில் ஒரு கேள்வி இருக்கிறது: இது புண்ணில் ஒட்டுமா, தேய்க்குமா? இலை ஒட்டுவதில்லை. மஞ்சள் பொடி, பற்பசை, அரைத்துப் பூசும் பச்சிலை யாவும் ஒட்டிக் காய்கின்றன. அவற்றை எடுக்கும்போது புதுத்தோலும் சேர்ந்தே வருகிறது.

பிறந்த குழந்தைக்கு இத்தகைய ஐயம் எழுந்தால், முடிவு வரும்வரை காத்திராமல் சில காரியங்களை உடனே செய்யலாம். கையில் மாட்டும் பிளாஸ்டிக் அடையாளப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். தொப்புளில் உள்ள பிளாஸ்டிக் கிளிப்புக்குப் பதிலாக நூல் கட்டச் சொல்ல வேண்டும். ஒட்டும் பிளாஸ்திரி எதுவும் உடலில் படக்கூடாது. குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், ஒருபக்கமாகத் திருப்பி, பிட்டத்துக்கும் தலைக்கும் கீழே கைவைத்து, மெத்தையோடு சேர்த்துத் தூக்க வேண்டும். வைப்பதும் எடுப்பதும் இத்தோலைக் கிழிப்பதில்லை. வழுக்குவதும் இழுப்பதுமே கிழிக்கின்றன. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்ட பிறகுதான் என் மனைவி அவனை அச்சமின்றி மடியில் வைத்துக்கொள்ளத் தொடங்கினாள்.

நோயின் வகையை உறுதிசெய்யப் புதிதாக எழுந்த கொப்புளத்தின் ஓரத்திலிருந்து சிறு தோல்துணுக்கு எடுத்து, எந்த அடுக்கில் பிளவு ஏற்படுகிறது, எந்தப் புரதம் குறைகிறது என்பதை ஒளிரும் சாயங்கள் மூலம் பார்த்தார்கள். பின்னர் எங்கள் மூவரின் இரத்தத்திலும் மரபணுப் பரிசோதனை நடந்தது. வகை தெரியாமல் "தோல் நோய்" என்ற சீட்டோடு மருத்துவமனை மருத்துவமனையாக அலைபவர்களை நான் பார்த்திருக்கிறேன். வகை தெரிந்தால்தான் எந்த உறுப்பை எந்த வயதில் கவனிக்க வேண்டும் என்பது தெரியும். செலவைப் பார்த்துத் தயங்குவோரிடம் நான் சொல்வது, ஓராண்டுக் களிம்புச் செலவை நிறுத்தியாவது அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள் என்பதே.

என் மனைவி என் மாமன் மகள். 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பெண்கள் இரத்த உறவுக்குள் மணம் முடித்தவர்கள். எனவே எங்கள் திருமணம் எங்கள் ஊரில் எவருடைய புருவத்தையும் உயர்த்தவில்லை. எங்கள் இருவரிடமும் அந்த மரபணுவின் ஒரு பிரதி நன்றாகவும் ஒரு பிரதி பழுதாகவும் இருக்கிறது. நல்ல பிரதி ஒன்று போதும் என்பதால் எங்கள் தோலில் ஒரு குறையும் இல்லை. பழுதான பிரதிகள் இரண்டும் ஒரே குழந்தைக்குப் போய்ச் சேர ஒவ்வொரு கருவிலும் 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்று குழந்தைகளுக்கு வராது என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொன்னார். கணக்கு அப்படி நடப்பதில்லை, ஒவ்வொரு கருவும் புதிதாகவே அந்த வாய்ப்பைச் சந்திக்கிறது. உறவுக்கு வெளியே மணந்தவர்களுக்கும் இந்நோயுள்ள குழந்தை பிறப்பதுண்டு என்பதையும், ஒரே ஒரு பழுதான பிரதியால் வரும் மிதமான வகையும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண்ணின் மேல் குற்றம் சுமத்துவோர் இருக்கும் வரை, பழுது இருவரிடமிருந்தும் சரிபாதியாக வந்தது என்ற ஆய்வறிக்கை வரியை ஆண்தான் முன்வந்து வாசித்துக் காட்ட வேண்டும். நான் அதை எங்கள் குலதெய்வக் கோயில் கூட்டத்தில் செய்தேன். பேச்சு அன்றோடு குறைந்தது.

எங்கள் மகள் கருவிலிருந்தபோது நஞ்சுக்கொடியிலிருந்து திசு எடுத்துப் பரிசோதித்தார்கள். கருவுற்ற 11 முதல் 14 வாரத்துக்குள் செய்யும் இப்பரிசோதனைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: குடும்பத்தில் ஓடும் பழுது மரபணுவின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். கருவுற்ற பிறகு மூத்த குழந்தையின் பரிசோதனையைத் தொடங்கினால் அறிக்கை வருவதற்குள் வாரங்கள் கடந்துவிடும். என் தங்கைக்கும் மைத்துனனுக்கும் திருமணப் பேச்சு எடுத்த நேரத்தில் அவர்களும் இரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். குடும்பத்தில் ஒருவருடைய பழுது தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு அதே ஓரிடத்தை மட்டும் பார்ப்பது எளிது, செலவும் குறைவு.

அன்றாடக் கட்டு மாற்றும் வேலையை எங்கள் வீட்டில் நான் செய்கிறேன். மாற்றுவதற்கு முன்னால் மருத்துவர் சொன்ன அளவில் வலி மருந்தைக் கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கும் வரை காத்திருப்பேன். பத்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 90 கிராம் உப்பு என்ற கணக்கில் கலந்து அவனை அமர்த்தினால், சாதாரணத் தண்ணீர் தரும் எரிச்சல் இராது. உடலின் உப்பளவுக்கு அது நெருக்கமானது. ஒட்டிய கட்டுத்துணி அந்தத் தண்ணீரில் தானாகக் கழன்று வரும் வரை எவரும் கைவைப்பதில்லை. "அப்பா, இழுக்காதீங்க, இன்னும் நனைங்க" என்று அவன் சிறுவயதிலிருந்தே சொல்லிவருவது எங்கள் வீட்டு விதியாகிவிட்டது. உடல் முழுவதையும் ஒரே நேரத்தில் திறந்துவிடாமல், ஒரு கை அல்லது ஒரு காலாக எடுத்து முடிப்பதால் குளிரும் வலியும் குறைவு. எதிலிருந்து தொடங்குவது என்பதை அவனே தீர்மானிக்கிறான்.

புதிதாக எழுந்த கொப்புளத்தை அப்படியே விட்டால் உள்ளிருக்கும் நீரின் அழுத்தத்தால் அது பக்கவாட்டில் விரிந்துகொண்டே போகும். கிருமிநீக்கிய ஊசியைத் தோலுக்கு இணையாகச் சாய்த்து, கொப்புளத்தின் தாழ்வான ஓரத்தில் நுழைத்து மறுபுறம் வெளிவரச் செய்து, மெல்லிய துணியால் ஒற்றி நீரை வெளியேற்றுவேன். மேல்தோலை வெட்டி எடுப்பதில்லை. அதைவிடச் சிறந்த கட்டு வேறில்லை. அதன் மேல் சிலிக்கோன் வலைக்கட்டோ, பணம் இடம் கொடுக்காத மாதங்களில் வெள்ளை வாஸ்லின் தாராளமாகத் தடவிய பாரஃபின் காஸோ (மெழுகுப்பசை தோய்த்த வலைத்துணி) வைத்து, அதற்கு மேல் பஞ்சுப்பட்டையும் உருளைக் கட்டுத்துணியும் சுற்றுகிறேன். இறுதியில் பிளாஸ்திரி ஒட்டுவதற்குப் பதிலாகக் குழாய்வடிவ வலைத்துணியை மாட்டிவிடலாம். சிலிக்கோன் கட்டுகளின் விலை நடுத்தரக் குடும்பத்துக்குக்கூடக் கட்டுப்படியாகாதது. நாங்கள் கழுத்து, விரலிடுக்கு, மூட்டு ஆகிய இடங்களுக்கு மட்டும் அவற்றை ஒதுக்கி, மற்ற இடங்களில் காஸை வைக்கிறோம். தழும்பு விழுந்தால் இயக்கத்தைப் பறிக்கும் இடம் எதுவோ, அங்கே நல்ல கட்டு. உள்சட்டைகளை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி அணிவித்தால் தையல் உடலில் உறுத்தாது. என் அப்பா உடுத்திப் பழகிய வேட்டிகள் அனைத்தும் அவனுக்குப் படுக்கை விரிப்பாகவே முடிந்தன.

வலியைவிடவும் நமைச்சல்தான் அவனை அதிகம் வாட்டுகிறது என்பதை வெளியார் நம்புவதில்லை. ஆறும் புண் நமைக்கும், சொறிந்தால் பிரியும், பிரிந்தால் மீண்டும் ஆறும், மீண்டும் நமைக்கும். கத்திரி வெயிலில் இது இரட்டிப்பாகும். இரவுக்கான மருந்து, ஈரத்துணி, மின்விசிறி, வெட்டிய நகம், நள்ளிரவில் விழித்திருந்து அவனோடு பேசும் ஒருவர் ஆகியவற்றில் ஒன்றும் தனித்துப் போதாது.

கைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெற்றோர் தாமதமாகக் கவனிக்கும் இடம் அதுவே. விரலிடுக்குகளில் புண் ஏற்பட்டு, அடுத்தடுத்த விரல்களின் பச்சைப் பரப்புகள் தொட்டுக்கொண்டு ஆறும்போது, இடுக்கு மேலேறி வந்து விரல்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. அதே வேளையில் உள்ளங்கைப் பக்கத் தழும்பு சுருங்கி விரல்களை மடக்குகிறது. கட்டைவிரல் உள்ளங்கையோடு ஒட்டிக்கொள்கிறது. தீவிர வகையில், கவனிக்காவிட்டால் கை முழுவதும் ஒரு பைக்குள் அடைபட்டதுபோல் ஆகிவிடும். உள்ளே எலும்பும் நரம்பும் நன்றாகவே இருக்கும். கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகச் சுற்றி, இடுக்குகளில் பட்டை குறுக்கே செல்லும்படி கட்டுவதும், இரவில் விரல்களை நீட்டிப் பிடிக்கும் தாங்கியை அணிவிப்பதும் இதைத் தாமதப்படுத்தும். தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். எங்கள் மகனின் இடதுகையில் இன்னும் ஐந்து விரல்களும் தனித்தனியே இருக்கின்றன. அவன் அதிகம் பயன்படுத்தும் வலதுகையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் சேர்ந்துவிட்டன. அறுவை சிகிச்சையில் விரல்களைப் பிரித்துத் தோல் ஒட்டுவைத்துத் தருவார்கள். ஆனால் சில ஆண்டுகளில் தழும்பு மீண்டும் அதே வேலையைச் செய்துவிடுகிறது. எனவே சிறந்த கை எது என்று அறுவை மருத்துவரிடம் கேட்பதைவிட, இந்தக் குழந்தைக்கு இப்போது கை எதற்காக வேண்டும் என்று சொல்வது பயனுள்ளது. பேனாவைப் பிடிக்கவும் கரண்டியைப் பிடிக்கவும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலான இடைவெளியே முதலில் தேவை.

கண்ணுக்குத் தெரியும் கையிலேயே இப்படியென்றால், தெரியாத உணவுக்குழாயில் தழும்பு எவ்வளவோ தூரம் போன பிறகுதான் வெளியே தெரியவரும். அடையாளங்கள் சிறியவை: சாப்பிடும் நேரம் நீண்டுகொண்டே போவது, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் கேட்பது, எச்சிலை விழுங்காமல் துப்புவது, பிடித்த உணவையே வேண்டாம் என்பது. இவற்றை அடம் என்று எண்ணி அதட்டும் வீடுகள் பல. மாவுபோன்ற பேரியம் கரைசலை விழுங்கச் செய்து எக்ஸ்ரேயில் பார்த்தபோது, கழுத்துக்குச் சற்றுக் கீழே குழாய் நூலளவுக்குச் சுருங்கியிருந்தது தெரிந்தது. பெரும்பாலும் சுருக்கம் மேல்பகுதியில்தான் ஏற்படும் என்றார்கள். மயக்கம் கொடுத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி, சுருங்கிய இடத்தில் சிறு பலூனைச் செலுத்தி விரிக்கும் முறையால் அவனுக்கு மீண்டும் விழுங்க முடிந்தது. கெட்டியான கருவிகளை உரசிச் செலுத்தும் பழைய முறையைவிடப் பலூன் பக்கவாட்டில் மட்டும் விரிவதால் உராய்வு குறைவு. சுருக்கம் திரும்ப வரும். மீண்டும் விரிக்க வேண்டும். முதல்முறை விரித்த அன்று மாலை அவன் குழைந்த பருப்புச் சோற்றை நெய்யோடு நிறுத்தாமல் சாப்பிட்டதைப் பார்த்து என் மனைவி அடுக்களைக்குள் போய் அழுதாள்.

மயக்க மருத்துவரைச் சந்திப்பதுதான் அந்நாளின் முக்கியமான காரியம் என்பது என் கருத்து. தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட ஒரு தாளை நான் எப்போதும் கோப்பில் வைத்திருக்கிறேன். ஒட்டும் பிளாஸ்திரி வேண்டாம், ஈ.சி.ஜி. ஒட்டிகளின் பசையைத் தவிர்க்க வேண்டும். ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் கவ்வும் கருவியைப் பயன்படுத்தலாம். இரத்த அழுத்தப் பட்டையின் கீழ்ப் பஞ்சுப்பட்டை சுற்ற வேண்டும். ஊசி போடக் கையை இறுக்கும் ரப்பர் பட்டைக்குப் பதிலாக உதவியாளர் கையால் அழுத்திப் பிடித்தால் போதும். முகமூடி படும் இடத்தில் வாஸ்லின் காஸ் வைக்க வேண்டும். மூச்சுக்குழலையும் ஊசிக்குழலையும் கட்டுத்துணி நாடாவால் கட்ட வேண்டும். கண்ணிமைகளை ஒட்டக்கூடாது, மசகு மருந்து இட்டால் போதும். படுக்கை மாற்றும்போது இழுக்காமல் தூக்க வேண்டும். ஒரு முறை வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், தாளை எடுப்பதற்கு முன்னரே செவிலியர் ஒருவர் மிகுந்த அக்கறையோடு கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். அதை அகற்றக் கன்னத்துத் தோல் முழுவதையும் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது வாசலிலேயே தாளைக் கொடுத்துவிடுகிறேன்.

புண்கள் எந்நேரமும் புரதத்தையும் இரும்புச்சத்தையும் இழந்துகொண்டிருப்பதால் இவர்களுக்குச் சாதாரணக் குழந்தையைவிட அதிக உணவு தேவை; ஆனால் சாப்பிடும் வழி குறுகலானது. சூடாக எதுவும் கூடாது, ஏனெனில் சூடே வாயில் கொப்புளம் எழுப்பும். முறுக்கும் சீவலும் வீட்டுக்குள் வருவதில்லை. கேழ்வரகுக் கூழில் பாலும் வெண்ணெயும், மசித்த பருப்பு, குழைய வேகவைத்த முட்டை, நேந்திரம் பழத்தை வேகவைத்து மசித்தது, கெட்டித் தயிர் என்று சிறு அளவில் பலமுறை கொடுக்கிறோம். அப்படியும் போதாத குழந்தைகளுக்கு வயிற்றில் சிறு துளையிட்டு நேரடியாக உணவு செலுத்தும் குழாய் வைப்பார்கள். அது தோல்வி அல்ல, பல குழந்தைகள் அதன் பிறகே எடை கூடியிருக்கிறார்கள். மாத்திரையில் ஏறாத இரும்புச்சத்தை நரம்பு வழியே ஏற்றுகிறார்கள். மலச்சிக்கலைப் பற்றிப் பேச நம் வீடுகளில் கூச்சம் உண்டு. ஆசனவாயில் ஏற்படும் வெடிப்பும் தழும்பும் எவ்வளவு வலியைக் கொடுக்குமென்றால், மலம் கழிக்க அஞ்சியே குழந்தை சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும். தொண்டையை எவ்வளவு விரித்தாலும் இதைச் சரிசெய்யாமல் எடை ஏறாது. மலமிளக்கியை அன்றாட மருந்தாகவே கருத வேண்டும்.

பற்களுக்குச் சிறிய தலையுள்ள மென்மையான தூரிகையும் எரிச்சலில்லாத வாய்கொப்பளிப்பும் போதும். ஆனால் வாயின் திறப்பு சுருங்கிய பிறகு பல் மருத்துவரின் கருவி உள்ளே போகாது, ஆகவே சிகிச்சையை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது. கண்ணில் மண் விழுந்ததுபோல் அரித்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் ஓரிரு நாள் படுத்துவிட்டால், கருவிழியின் மேற்பரப்பு உரிந்திருக்கிறது என்று பொருள். மசகுத் துளிகளை நாள்தோறும் விட்டுவந்தால் அது குறைகிறது.

புற்றுநோயைப் பற்றி எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுதாமல் விட முடியாது. பலமுறை பிரிந்து ஆறித் தழும்பேறிய தோலில், மேலடுக்கு உயிரணுக்களில் தொடங்கும் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் இளவயதிலேயே வருகிறது. அமெரிக்காவின் ஈ.பி. பதிவேட்டின்படி தீவிர வகை உள்ளவர்களில் 55 வயதுக்குள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு அது வந்திருக்கிறது. ஆகவே 10 வயதிலிருந்து மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை உடல் முழுவதையும் கட்டின்றித் தோல் மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். நான்கு வாரங்களைத் தாண்டியும் ஆறாத புண், மற்றவற்றைவிட வேறுவிதமாக வலிக்கும் புண், ஓரம் தடித்து மேடாக வளரும் புண் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் துணுக்கெடுத்துச் சோதிக்கக் கேட்க வேண்டும். கட்டு மாற்றும் நாளில் ஒரே இடத்தை ஒரே தூரத்திலிருந்து கைபேசியில் படமெடுத்துத் தேதியோடு வைத்திருப்பது எனக்கு இதில் பெரிதும் உதவுகிறது. நினைவு, நேற்றைய புண்ணையும் சென்ற மாதப் புண்ணையும் ஒன்றாக்கிவிடும், படம் ஆக்குவதில்லை. எதற்காகப் படமெடுக்கிறோம் என்பதை மகனிடம் மறைக்கவில்லை. அவன் கேட்டான், சொன்னோம்.

பள்ளியில் இடம் வாங்குவது எளிதாக இருக்கவில்லை. முதலில் அணுகிய ஒரு பள்ளி, மற்றப் பெற்றோர் அஞ்சுவார்கள் என்று மறுத்துவிட்டது. இப்போது படிக்கும் பள்ளியில், சேர்ந்த வாரமே தலைமையாசிரியர் வகுப்பில் என்னைப் பேசவிட்டார்: இது ஒட்டுவதில்லை, தொடலாம், இழுக்கக்கூடாது, ஓடிவந்து மோதக்கூடாது. பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவில் புரிந்துகொண்டார்கள். சுவரோரமாக இல்லாமல் வெளியேறும் பக்கத்தில் இருக்கை, அதன்மேல் பஞ்சு மெத்தை, தடித்த பிடியுள்ள பேனா, மதிய உணவுக்குக் கூடுதல் நேரம் ஆகிய நான்கைத்தான் கேட்டோம். கைகளின் இயக்கக் குறைபாட்டை அளந்து மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெற்றிருக்கிறோம். மருத்துவக் குழுவிடம் போகும்போது நோயின் பெயரை மட்டும் சொல்லாமல், கை எவ்வளவு மடங்கியிருக்கிறது, எதைப் பிடிக்க முடியவில்லை என்பதைக் காட்டுங்கள். பெயர் அவர்களுக்குப் புதிதாக இருக்கலாம். மடங்கிய விரல் புதிதல்ல. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவரும் அந்த அட்டையின் வழியாகக் கிடைக்கும்.

புதிய சிகிச்சைகளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஜெர்மனியில் 2015ஆம் ஆண்டில், சிரியாவிலிருந்து வந்த 7 வயதுச் சிறுவனுக்கு மரபணு திருத்திய அவனுடைய சொந்த உயிரணுக்களிலிருந்து வளர்த்த தோலால் உடலின் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மூடினார்கள். இத்தாலியின் மிக்கேலே டி லூக்கா குழு வளர்த்த தோல் அது. அவனுடையது ஈ.பி.யின் ஜங்ஷனல் என்ற வேறு வகை. எங்கள் வகைக்கு, பலமிழக்கச் செய்த ஹெர்பிஸ் வைரஸின் வழியாக நல்ல மரபணுவைப் புண்ணில் சேர்க்கும் வைஜுவெக் என்ற பூச்சு மருந்தை 2023 மே மாதத்திலும், நோயாளியின் உயிரணுக்களில் மரபணுவைச் சேர்த்து வளர்த்த தோல்தகடுகளை 2025 ஏப்ரலிலும் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அனுமதித்தது. புண்ணின்மேல் இடப்படும் இச்சிகிச்சைகள் உணவுக்குழாயைச் சென்றடைவதில்லை. அவற்றின் விலையையும் நம்மைப் போன்றவர்கள் எட்ட முடியாது. எனக்கு அதிக ஆர்வமூட்டுவது இவற்றைவிடச் சாதாரணமான ஒன்று: இரத்த அழுத்தத்துக்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவரும் லோசார்டான் மாத்திரை, தழும்பை உண்டாக்கும் செய்திகளை அடக்குவதை எலிகளில் கண்டு, ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகர மருத்துவர்கள் இந்நோயுள்ள குழந்தைகளிடம் அதைச் சோதித்திருக்கிறார்கள். அது நோயைக் குணப்படுத்துவதற்காக அல்ல, தழும்பின் வேகத்தைக் குறைப்பதற்காக. மருத்துவரின் கண்காணிப்பின்றிக் கடையில் வாங்கிக் கொடுக்கும் மருந்து அல்ல அது என்பதை அழுத்திச் சொல்கிறேன். மூன்றே மாதத்தில் முழுக் குணம் என்று தொலைக்காட்சியில் வருபவர்களுக்கு எங்கள் வீட்டுப் பணம் ஒருமுறைகூடப் போகவில்லை. வகையறிக்கையைக் கேட்டு, கொலாஜன் 7 பற்றி இரண்டு கேள்விகள் கேட்டால் அவர்களே தொலைபேசியை வைத்துவிடுவார்கள்.

1978இல் பிரிட்டனில் ஒரு தாயின் முயற்சியால் தொடங்கிய டெப்ரா என்ற அமைப்பு இன்று பல நாடுகளில் இயங்குகிறது; இந்தியாவிலும் அதன் கிளை இருக்கிறது. அங்கே கிடைக்கும் கட்டுப்பொருள்களைவிட, இதே நோயுள்ள இருபது வயதுக்காரர்களோடு பேசக் கிடைப்பது எங்களுக்குப் பெரிதாக இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் ஒருவர்தான், வலதுகை அறுவைக்கு முன்னால் இடதுகையால் எழுதப் பழகிக்கொள் என்று என் மகனிடம் சொன்னார்.

அவன் இப்போது பழகிக்கொண்டிருக்கிறான். சேர்ந்துவிட்ட இரண்டு விரல்களைப் பிரித்து, கட்டைவிரலின் இடைவெளியையும் அகலப்படுத்தலாம் என்று அறுவை மருத்துவர் கூறியிருக்கிறார். அதன் பிறகு பல வாரங்கள் தாங்கியோடு இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. தேர்வு முடிந்த உடனே செய்துவிடலாம் என்றேன் நான். ஏப்ரல், மே மாத வெயிலில் தாங்கிக்குள் வியர்த்து நமைக்கும், தூக்கமே இருக்காது என்றான் அவன். திண்டுக்கல் பக்கம் ஆடிக் காற்று தொடங்கியதும் வெக்கை தணியும் என்பதால் ஜூலை மாதத்துக்கு நாள் கேட்டிருக்கிறோம். அதற்கு முன்பாக, தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தொண்டையை ஒருமுறை விரித்துவிட வேண்டும் என்பது அவனுடைய நிபந்தனை; பசியோடு தேர்வெழுத முடியாது என்கிறான். மயக்க மருத்துவரிடம் தேதி வாங்கியாகிவிட்டது.